அமர்ந்த புட்களும் திருத்திய படமும்

பழந்தமிழ்ப் புலவர் நீர்க்கரைப் புட்களை வெறும் அணிக்காகப் பாடினாரல்லர். குறுந்தொகையிலே கபிலர் பாடிய செய்யுளொன்றிற் களவு மணத்துக்குச் சான்றாக நின்றது மீன் பார்த்திருந்த ஒரு நீர்ப்பறவை மட்டுமே. அதன் காலுக்குப் புலவர் தினைத்தாளை உவமை கூறினார். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவரோ நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார். பனங்கிழங்கைப் பிளந்து உண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு அவ்வுவமையின் நுட்பத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டிடத்தும் புள்ளின் உறுப்பு உள்ளவாறே கூறப்பட்டது. கூட்டியோ குறைத்தோ கூறப்படவில்லை. சான்றாக நிற்பதற்கு அதுவே முதற் றகுதி.

இன்று அச்சான்றுத் தொழிலைப் பெரும்பாலும் கமரா ஏற்றுக்கொண்டுவிட்டது. எடுத்த படத்தைப் பின்னர்த் திருத்திச் செம்மை செய்தல் படம் எடுப்போர் அனைவரும் செய்வதொன்று. அத்திருத்தம் எதுவரை செல்லலாம் என்னும் வினாவுக்கு அழகியலார் ஒரு விடையும் பறவை நூலார் வேறொரு விடையும் கூறுவர். இளைப்பாறும் கரைப்பறவைக் கூட்டத்தின் படமே இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களம். பறக்கும் புள்ளின் படத்திலே வேகம் உண்டு. இரை கொள்ளும் புள்ளின் படத்திலே செயல் உண்டு. இளைப்பாறும் கூட்டத்திலோ இவை இரண்டும் இல்லை. ஆதலாற் படம் எடுத்தவன் தன் கைவண்ணத்தைக் காட்டி அக்குறையை நிரப்ப முற்படுகின்றான்.

கரவெட்டியின் அயலிலே இதற்கு வேண்டிய காட்சிக்குப் பஞ்சமில்லை. வடமராட்சியை வலிகாமத்தினின்றும் தென்மராட்சியினின்றும் பிரிக்கும் கடனீரேரி ஊருக்கு மேற்கிலும் தெற்கிலும் விரிந்து கிடக்கின்றது. வல்லை வெளியிலும் கப்பூது வெளியிலும் மாரி மழை வீழ்ந்து நீர் பரவிய பின்னர், வடதிசை நாடுகளினின்று வந்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மூக்கன்களும் ஆங்காங்கே சேற்றுத் திடல்களிற் கூடியிருக்கும். நெடுங்கால் உள்ளான்கள் இளஞ்சிவப்புக் கால்களை நீரில் ஊன்றி அவற்றிடையே ஓங்கி நிற்கும். மத்திய ஆசியப் பறப்புப் பாதை எனப் பறவை நூலார் வகுத்த வழியின் தென்கோடி இலங்கைத் தீவு. இத்தீவுக்குத் தெற்கே பெருங்கடலன்றி வேறு தங்குமிடம் இல்லை. ஆதலின் இங்கு அமர்ந்திருக்கும் கூட்டம் வழிப்போக்கர் கூட்டமன்று. சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்துவிட்ட கூட்டம்.

இக்கரையில் எடுக்கப்படும் படங்களின் பொது இயல்புகளைக் கூட்டி, மாதிரிப் படம் ஒன்றை மனத்தில் அமைத்துக்கொள்க. மார்கழி மாதத்து முற்பகல். அறுபதுக்கு மேற்பட்ட சிறு உள்ளான்கள் ஒரு நீண்ட திடலில் நெருங்கி நிற்கின்றன. பெரும்பாலானவை ஒற்றைக் காலில் நின்று அலகை முதுகிறகுள் செருகியுள்ளன. இடப்புற ஓரத்தில் நிற்கும் ஒன்று மாத்திரம் தலை நிமிர்ந்து விழித்திருக்கின்றது. நடுவிற்குச் சற்று வலப்புறம் நெடுங்கால் உள்ளான் ஒன்று, இனத்தார் நடுவே வந்துவிட்ட வேற்றூர் விருந்தினர் போல நிற்கின்றது. பின்னணியிற் பனை வரிசை. பனைகளுக்கு மேலே தொலைபேசிக் கோபுரம். முன்புறச் சேற்றில் அரைவாசி புதைந்த பிளாத்திக்குப் போத்தல். வானம் வெளிறிக் கிடக்கின்றது. நீர்மட்டம் வலப்புறம் சரிந்திருக்கின்றது.

இப்படத்தைப் படக்கலை பயின்றார் ஒருவரிடம் கொடுத்தால் அவர் கூறக்கூடிய திருத்தங்களை முன்னரே சொல்லிவிடலாம். சரிவை நேராக்குக, மேலும் கீழும் வெட்டி நீண்ட பட்டையாக்குக, கோபுரத்தையும் போத்தலையும் அழித்துவிடுக, வானத்துக்கு நிறம் ஊட்டுக, ஓரத்துப் புள்ளை நீக்குக, இறகுகளைக் கூர்மையாக்குக. இவை அனைத்தும் இன்று கணினியிற் சில நிமிட வேலை. சிலவற்றுக்குக் கையிலுள்ள தொலைபேசியே போதும். எளிதாகச் செய்யக்கூடியது என்பதனாலேயே இவை ஒரே தரத்தன என்று பலர் மயங்குகின்றனர். உண்மையில் இவற்றிடையே பெரு வேற்றுமை உண்டு.

சரிவை நேராக்குதல் பற்றி வாதம் வேண்டியதில்லை. கடனீரேரியின் நீர் சரிந்திருக்கவில்லை. கமராவைப் பிடித்த கையே சரிந்தது. கையின் பிழையைத் திருத்துதல் காட்சியைத் திருத்துவதாகாது. வெண்மார்பு கொண்ட புட்கள் மிகை ஒளியால் வெளிறிப் போயிருப்பின் அவ்வொளியைத் தணித்தலும் அத்தகையதே. கண் கண்ட இறகு வரிகளைக் கருவி காட்டத் தவறியது; தணித்தலால் அவை மீளத் தோன்றுமாயின் படம் உண்மைக்கு அணித்தாயிற்று எனலாம்.

வானத்தின் கதை அவ்வளவு எளிதன்று. வெளிறிய வானம் நிழற்படக் கலையின் பழைய நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கண்ணாடித் தகடுகளிற் பூசப்பட்ட மருந்து நீல ஒளிக்கு மிகை உணர்ச்சி உடையதாக இருந்தமையால், கடலுக்கு ஏற்ற நேரம் ஒளி புகவிட்டால் வானம் முற்றும் வெண்மையாகிவிடும். பிரான்சியரான குஸ்தாவ் லெ கிரே என்பார் 1857ஆம் ஆண்டளவில், கடலுக்கு ஒரு தகடும் முகிலுக்கு வேறொரு தகடுமாக எடுத்து இரண்டையும் ஒரே தாளிற் பதித்தார். அவருடைய பேரலைப் படத்தைக் கண்டோர் வியந்தனர். ஒரே கணத்தில் எவரும் கண்டிராத கடலும் வானும் அதிலே கூடியிருந்தன. கலைவரலாற்றார் இன்றும் அதனைப் போற்றுகின்றனர்; போற்றுதல் தக்கதே. ஆயினும், மார்கழி மாதத்து வல்லை வெளியின் வெண்சாம்பல் வானம் கருவியின் பிழையன்று. மாரிக்கால யாழ்ப்பாணத்து வானத்தின் இயல்பே அதுதான். அதனை நீக்கி ஐரோப்பியக் கோடையின் செவ்வானத்தை ஒட்டுபவன் லெ கிரேயின் தகடுகளைக் கையாள்கின்றானல்லன், பருவத்தைப் பொய்யாக்குகின்றான். செவ்வானம் தலைக்குமேல் எரிய, புட்களின் கீழ் நிழலே விழாத படங்கள் இந்நாளிற் பெருகிவிட்டன. அவற்றைக் காண்போர் அழகென்று கூறி அடுத்த படத்துக்குச் சென்றுவிடுகின்றனர். அதற்குமேல் அவற்றிற் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

திருத்தம் எதுவரை என்னும் வினாவுக்குத் தமிழ் கற்றோர் வேற்று நாட்டுக் கலைநூல்களிலே விடை தேட வேண்டியதில்லை. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் இவ்வினாவை முன்னரே எதிர்நோக்கியவர்கள். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தபோது அவர் முன்னே கிடந்தவை, தொட்டால் ஒடியும் ஏடுகள்; ஏடு எழுதினோர் செய்த பிழைகள்; பூச்சி அரித்த துளைகள். கவிபாடும் ஆற்றல் படைத்த பதிப்பாசிரியனுக்கு அத்துளைகளைத் தன் சொல்லால் நிரப்பிவிடுதல் அரிய செயலன்று. நிரப்பியிருப்பின் படிப்போர் அறிந்திருக்கவும் மாட்டார். எழுதினோன் கைப்பிழை வேறு, புலவன் வாக்கு வேறு எனப் பகுத்து, முன்னதைக் களைந்து பின்னதைக் காப்பதே பதிப்புத் தொழில் என்பதனை அத்தலைமுறையினர் நிலைநாட்டினர். உ. வே. சாமிநாதையர் 1894இற் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் செய்யுட்கள் இல்லை. சிதைந்த அடிகள் சிதைந்தவாறே புள்ளியிட்டுக் காட்டப்பட்டன. 1904இல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் இறுதிப் பத்தும் இல்லை. அப்புள்ளிகளைக் கண்டு எவரும் பதிப்பு அழகிழந்தது என்று கூறினாரல்லர். அவை இருப்பதனாலேயே எஞ்சிய அடிகளை நம்பிப் படிக்க முடிகின்றது.

கமராவின் சரிவும் ஒளி மிகையும் ஏடெழுதினோன் கைப்பிழை போன்றவை. ஓரத்திலே விழித்து நிற்கும் புள்ளோ மூலபாடத்தைச் சேர்ந்தது. படக்கலை நோக்கில் அது ஒழுங்கைக் கெடுக்கின்றது என்பது மெய்யே. அனைத்தும் தலை புதைத்திருக்க ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்பின் கண் அங்கே ஓடும். படத்தின் அமைதி குலையும். ஆனால் அப்புள் ஏன் விழித்திருக்கின்றது? தாராக்களை வரிசையாக உறங்கவிட்டுச் செய்த ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. வரிசையின் ஓரத்தில் உறங்கியவை, நடுவில் உறங்கியவற்றைவிட மிகுதியாக, ஒரு கண்ணைத் திறந்தவாறு மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டன என்றும், திறந்த கண் பெரும்பாலும் கூட்டத்துக்குப் புறம்பான திசையையே நோக்கியிருந்தது என்றும் அவ்வாய்வு காட்டியது. தாராவுக்குக் கண்டது அனைத்தும் உள்ளானுக்கும் அவ்வாறே பொருந்தும் என்று கூறிவிட இயலாது. எனினும் கூட்டத்தின் ஓரம் காவலுக்குரிய இடம் என்பதனைக் கரைப்பறவைகளை நெடுநேரம் நோக்கியிருப்போர் எவரும் அறிவர். நடுவிலுள்ளவை அலகைச் செருகி உறங்குவதும், ஓரத்துப் புள் நிமிர்ந்து நிற்பதும் ஒரே செயலின் இரு கூறுகள். அதனை வெட்டி எறிந்தால் எஞ்சுவது உறக்கத்தின் படமாகலாம்; இளைப்பாறலின் படமாகாது.

இனி, நெடுங்கால் உள்ளான். இதனையும் அழித்துவிடுமாறு கூறுவோர் உளர். சிறியவற்றிடையே உயரமான ஒன்று நின்றால் வரிசையின் நேர்கோடு உடைகின்றதாம். இது வெள்ளைத்தாளிற் கோடு வரையப் பழகிய கண்ணின் விருப்பம். அக்கோடு உடையும் இடத்திலேதான் சிறு உள்ளானின் சிறுமை புலனாகின்றது. படத்தில் வேறு அளவுகோல் இல்லை.

வெட்டுதல் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தின் நாற்புறத்தையும் வெட்டுதல் குற்றமற்றது என்பது பொதுவழக்கு. வெட்டுபவன் எதனையும் புதிதாகச் சேர்ப்பதில்லையன்றோ என்பர். 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து நேஷனல் ஜியோகிராபிக் இதழின் அட்டையில், கிடைப்படமாக எடுக்கப்பட்ட எகிப்தியப் பிரமிட்டுகள் நெடுப்பக்கத்தில் அடங்கும்பொருட்டுக் கணினியால் நெருக்கி வைக்கப்பட்டன. அதனைக் குறித்து எழுந்த கண்டனம் நெடுங்காலம் ஓயவில்லை. பக்கத்தின் வடிவத்துக்காகப் பிரமிட்டை நகர்த்துதல் தகாதென்பதில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. ஆயின் அதே பக்கத்துக்காகக் கூட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருந்தால் எவரும் வினவியிரார். கடனீரேரிப் படத்தில் மேற்பாகத்தை வெட்டினாற் பனையும் கோபுரமும் போகும். கீழ்ப்பாகத்தை வெட்டினாற் போத்தல் போகும். எஞ்சும் பட்டை உலகின் எந்தச் சேற்றிலும் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். பறவை மட்டும் மிஞ்சி ஊர் மறைந்துவிடும். வெட்டுதல் பொய் கூறாது. ஆனால் மௌனஞ் சாதிக்கும். சில மௌனங்கள் பொய்யினும் கொடியவை.

இவ்விடத்தில் மா. கிருஷ்ணனை (1912–1996) நினையாதிருத்தல் இயலாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய அவர், தாமே பல உறுப்புகளைக் கூட்டி அமைத்துக்கொண்ட கமராவினாற் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கைக் கட்டுரை எழுதிவந்தார். நிறமற்ற படம் உண்மைக்குப் புறம்பானதன்றோ என வினவலாம். அன்று. நிறமற்ற படம் தான் நிறமற்றது என்பதனை மறைப்பதில்லை. காண்பவன் அதனை அறிந்தே காண்கின்றான். கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையிலே ஒளியை மீளப் பாய்ச்சிக் கரையோரங்களை ஒளிரச் செய்தும் பல படங்களை ஒன்றிற் கலந்தும் செய்த சோதனைகளும் அத்தகையனவே. அவை மறைவில் நிகழ்ந்த திருத்தங்களல்ல; திருத்தமே படத்தின் பொருளாயிற்று. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி (1891–1983) 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவை நூலுக்குத் தாமே ஓவியங்கள் தீட்டினார். அவருடைய உள்ளான் எந்த ஒரு தனி உள்ளானும் அன்று. பலவற்றைக் கண்டு வடித்த ஒன்று. ஓவியம் என்று தன்னைக் கூறிக்கொண்டு வந்தமையால் அது எவரையும் ஏமாற்றவில்லை. கண்டதைக் கண்டவாறே காட்டுவதாக வாக்களித்து வரும் நிழற்படத்துக்கு அவ்வுரிமை இல்லை.

இறகுகளைக் கூர்மையாக்குதல் என்னும் திருத்தம் முன்னர் ஐயத்துக்கு இடமற்றதாக இருந்தது. மங்கிய விளிம்பை மாறுபாட்டால் எடுத்துக்காட்டுதலே அன்றைய கூர்மையாக்கம். இன்று செயற்கை நுண்ணறிவு கொண்டு செய்யப்படுவது வேறு. தொலைவிலே நின்ற புள்ளின் முதுகு வெறும் பழுப்புத் திட்டாகப் பதிந்திருப்பின், முன்னர்க் கற்பிக்கப்பட்ட எண்ணிறந்த படங்களின் சாயலைக் கொண்டு அத்திட்டில் இறகுகளை அது வரைந்துவிடுகின்றது. அவை மிக அழகிய இறகுகள். ஆனால் அப்புள்ளுக்கு உரியவையல்ல. சிறு உள்ளான் இனங்களை ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிவதும், இளம்புள் முதுபுள் எனத் தெளிவதும் பெரும்பாலும் இறகு விளிம்பின் நிறத்தையும் தேய்வையும் கொண்டே. அவ்விளிம்பைக் கருவி கற்பனை செய்துவிட்டால், வராத பறவை வந்ததாகப் பதிவேற இடமுண்டு. பறவைகளின் காலிலே ஆய்வாளர் பூட்டிய நிறக்கொடியும் வளையமும் இவ்வாறே ‘அழுக்கு’ எனக் கருதி அழிக்கப்படலாம். புள் எங்கிருந்து வந்ததென்பதற்கு உள்ள ஒரே எழுத்துச் சான்று அதுதான். ஏட்டின் இறுதியில் எழுதினோன் பெயரும் ஆண்டும் இருக்க, அவற்றைச் சுரண்டி எடுத்த கதையாக அது முடியும்.

படம் எடுத்த பின்னர்ச் செய்யும் திருத்தத்தைவிட எடுக்கும்போதே செய்யும் திருத்தம் சிலவேளை கொடியது. இளைப்பாறும் கூட்டம் சுவையற்றது என எண்ணுவோர் கை தட்டியோ மேலும் நெருங்கியோ அதனை எழுப்பிவிடுகின்றனர். வானில் எழுந்து ஒருங்கே திரும்பும் கூட்டம் கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில், செய்மதிக் கருவி பூட்டிய இளமூக்கன் ஒன்று அலாஸ்காவினின்று தாஸ்மேனியாவுக்குப் பதினொரு நாள் இடையறாது பறந்து 13,560 கிலோமீற்றர் கடந்தது. அந்நெடுவழியில் உண்ணவோ நீரில் இறங்கி இளைப்பாறவோ அதற்கு இயலவில்லை. உடலிற் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. கரைப்பறவைக்கு ஓய்வு என்பது சோம்பலன்று, சேமிப்பு. ஒரு படத்துக்காக எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பினின்று ஒரு பிடி செலவாகின்றது. வல்லைப் பாலத்தருகே ஒரு நாளில் எத்தனை பேர் வந்து கை தட்டுகின்றனர் என்பதனைப் புட்களே அறியும்.

காட்டுயிர்ப் படப் போட்டிகளும் இதிலே துயரப் பாடம் கற்றுள்ளன. இலண்டனில் நடைபெறும் பெரும் போட்டியில் 2009இற் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அவ்வோநாய் பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என நடுவர் தீர்மானித்தமையால் 2010இல் நீக்கப்பட்டது. 2017இல் ஒரு பிரிவிற் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படம், உள்ளே அடைத்துப் பாடம் செய்த உருவைக் காட்டுவதாகக் கருதப்பட்டு அடுத்த ஆண்டு நீக்கப்பட்டது. படம் எடுத்தோர் இருவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். ஐயம் எழுந்த பின்னர், படங்களின் அழகு சிறிதும் குறையாதிருந்தும், அவற்றைக் காண்பதில் இருந்த இன்பம் போய்விட்டது. அவ்வின்பம் வெறும் அழகினாற் பிறந்ததன்று என்பது அப்போதுதான் தெரியவந்தது.

இவ்வளவும் கூறியதனால் மாதிரிப் படம் குறையற்றது என்பது கருத்தன்று. அது நடுத்தரமான படமே. அதன் பெருங்குறை போத்தலுமன்று, கோபுரமுமன்று. புட்கள் அனைத்தும் காண்போனை நோக்கி மார்பு காட்டி நிற்கின்றமையால் வெண்ணிற உருண்டைகளாகவே தோன்றுகின்றன. உடலின் வளைவும் முதுகின் வரியும் புலப்படவில்லை. இதற்குக் காரணம் காற்று. இறகு குலையாதிருக்கும்பொருட்டுப் புட்கள் காற்றை எதிர்த்தே அமரும். மார்கழியில் வாடையும் கொண்டலும் வடகிழக்கினின்று வீச, அவை வடகிழக்கு நோக்கி நிற்கின்றன. கரவெட்டிப் பக்கத்துக் கரை அதே திசையிலே இருப்பதால் அங்கு நிற்பவனுக்கு மார்பு மட்டுமே கிட்டும். காலைச் சூரியனும் வெண்மார்பிற் பட்டு மேலும் வெளிறச் செய்யும். கணினியில் எத்துணை நேரம் இருந்தாலும் இக்குறை தீராது. கூட்டத்துக்குத் தென்கிழக்கே சுற்றிச் சென்று, சேற்றோரத்திற் கமராவைப் புள்ளின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்தால் அதே கூட்டம் பக்கவாட்டிலே தோன்றும். ஒவ்வொரு முதுகும் தனித்தனியே வளைந்து தெரியும். பனைவரிசையும் கூட்டத்துக்கு அணித்தாக இறங்கி வரும். அவ்வாறு தாழ்ந்திருந்து அசையாது காத்திருப்பவனை ஓரத்துக் காவற்புள் முதலில் ஐயுற்று நோக்கும். அரைமணி நேரத்தில் அதுவும் ஒரு காலை மடக்கிக்கொள்ளும்.

போத்தலைப் பொறுத்தவரை, படம் எடுத்து முடித்துக் கூட்டம் தானாகவே மேயச் சென்ற பின்னர், சேற்றில் இறங்கி அதனை எடுத்து வந்துவிடலாம்.